சாலைக்குத் தெரியாத புல்

சாலையில் வண்டிச் சத்தம் கேட்டால் மாமா வரப்பில் நின்றபடியே வலது காலைக் கீழே நீட்டி, பக்கத்தில் நிற்கும் புல்லைச் சேற்றுக்குள் மிதித்து அமுக்குவார். முகம் மட்டும் சாலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். வண்டியில் போகிறவர், "என்னங்க, தண்ணி கட்டறீங்களா?" என்று கேட்டால், "ஆமாங்க, ஆமாங்க" என்பார். வண்டி வளைவில் மறைந்த பிறகுதான் காலை எடுப்பார். மாமா என்று நான் சொல்வது என் மாமனாரை. காபித் தூக்கோடு வயலுக்குப் போன ஒரு காலை நேரத்தில் நான் இதை முதலில் பார்த்தேன். காலில் அட்டை கடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, "என்னங்க மாமா, டான்ஸ் ஆடறீங்க?" என்று கேட்டுவிட்டேன். எதற்கும் சிரிக்கிற மனிதர் அன்று சிரிக்கவில்லை.

எங்கள் ஊர் சித்தேரி மலைக்குக் கீழே, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பேருந்தில் வந்தால் வாய்க்காலைத் தாண்டியதும் வரும். வயல் சாலையை ஒட்டியே இருக்கிறது. மற்றவர்களுக்கு அது வண்டி வந்து போகிற வசதி. மாமாவுக்கு அது மேடை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் தன் நெல்லைத்தான் பார்த்துக்கொண்டு போகிறார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார். பாதி நிஜமும்கூட. எங்கள் பக்கத்தில் விளைச்சல் குறைந்தால் மழையின் மேல் பழி போடலாம், விலை குறைந்தால் மண்டிக்காரர் மேல் போடலாம். வயலில் புல் நின்றால் மட்டும் அது அந்த வீட்டுக்காரர்களின் சோம்பேறித்தனம். எனக்குச் சம்பந்தம் பேச வந்த என் அப்பா, மாப்பிள்ளையை அரைகுறையாகப் பார்த்துவிட்டு வயலை முழுசாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஒரு புல்லு கெடையாது. அந்த வூட்டுல தாராளமா பொண்ணக் குடுக்கலாம்" என்றார். ஆக, புல் இல்லாத காரணத்தால் வாழ்க்கைப்பட்டவள் நான். அந்த மாப்பிள்ளை ஓசூரில் தொழிற்சாலை வேலை பார்த்தார். விடுமுறைக்கு மட்டும் வருவார். வயலும் நானும் மாமாவுமாகத்தான் எங்கள் குடும்பம் நடந்தது.

அந்தச் சுத்தத்துக்குக் காரணம் மருந்து. களை எடுக்க வந்துகொண்டிருந்த பெண்கள் கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போக ஆரம்பித்த காலத்தில், ஊரில் முதலில் களைக்கொல்லி அடித்தவர் மாமாதான். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்ததும் தண்ணீரை வடித்துவிட்டு அடிப்பார். சில நாளில் புல்லெல்லாம் மஞ்சளாகி மடங்கிவிடும். நெல்லுக்கு ஒன்றும் ஆகாது. அதைப் பார்க்க ஊரே வந்தது என்பார்கள். அதன்பிறகு ஒவ்வொரு போகத்துக்கும் அதே மருந்துதான். கைகண்ட மருந்து என்று பெயர் வைத்திருந்தார். கடைக்காரர் வேறு எதையாவது எடுத்துக் காட்டினால், "நல்லா வேல செய்யறத எதுக்குங்க மாத்தறது?" என்று கேட்பார். இதில் என்ன தப்பு என்று அன்று யார் கேட்டிருந்தாலும் நானும் மாமாவின் பக்கம்தான் பேசியிருப்பேன்.

பிறகு ஒரு போகத்தில் சில புற்கள் சாகவில்லை. குதிரைவாலிப் புல். இளசாக இருக்கும்போது நெல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது; இலை தண்டோடு சேருமிடத்தில் நெல்லுக்குச் சின்னதாக ஒரு சவ்வு இருக்கும், இதற்கு இருக்காது. கடைக்காரர் போலி மருந்து கொடுத்துவிட்டார் என்று மாமா சண்டை போட்டுவிட்டு, கடத்தூர் போய் வேறு பெயரில் வேறு புட்டி வாங்கிவந்தார். அடுத்த போகத்தில் அளவைக் கூட்டி அடித்தார். நெல் கருகியதே தவிர புல் குத்துக்கல்லாக நின்றது. அப்போது அந்தப் புல் ஒரு மூலையில்தான் இருந்தது. நாலு பேரைக் கூப்பிட்டிருந்தால் ஒரே காலையில் வேரோடு பிடுங்கியிருக்கலாம். ஆனால் மாமா வயலில் ஆள் இறங்கிக் களை எடுக்கிறது என்றால், பேருந்தில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் அவர் வேறு வழி கண்டுபிடித்தார். பால் கறக்கும் முன்பே அரிவாளோடு போய், நெல்லுக்கு மேலே எட்டிப் பார்க்கும் புல்லின் தலையை மட்டும் அறுத்துவிடுவார். சாலையிலிருந்து பார்த்தால் வயல் சமமாக, பச்சைப் பாய் விரித்த மாதிரி தெரியும். தலை அறுபட்ட புல்லோ அடியில் பக்கக் கிளை விட்டு, நெல்லுக்குக் கீழே மறைவாகக் கதிர் தள்ளி, அறுவடைக்கு முன்பே முற்றிப் பாதியை மண்ணில் உதிர்த்துவிடும். மீதி நெல்லோடு சேர்ந்து களத்துக்கு வரும். அறுத்த தலையை வீணாக்காமல் மாட்டுக்குப் போட்டார். மாட்டின் வயிற்றுக்குள் போன விதை சாணத்தோடு எருக்குழிக்குப் போய், எருவோடு மறுபடியும் வயலுக்கே வந்தது. மாட்டுக்காகத்தான் புல் அறுத்து வருகிறார், மனிதர் எதையும் வீணாக்க மாட்டார் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வயலுக்குக் கீழ் வயல் பக்கத்து வீட்டு அக்காவுடையது. கணவர் பெங்களூரில் கட்டட வேலை. அக்கா தனியாகவே உழவுக்கு ஆள் பிடித்து, தண்ணீர் கட்டி, நெல்லை வீடு சேர்ப்பவர். ஒரு போகத்துக்கு விதை கேட்டு வந்தார். "பெரியப்பா, உங்க நெல்லு மாதிரி சுத்தமா எங்கயும் இல்லீங்க. கடையில வாங்கினா அதுல என்னென்ன கலந்திருக்குமோ, யாருக்குத் தெரியும்? உங்க வூட்டு நெல்லே குடுங்க" என்றார். விதை கேட்டு வருகிறவர்களை எங்கள் ஊரில் திருப்பி அனுப்புவதில்லை. அனுப்பினால் காரணம் சொல்லியாக வேண்டும். மாமா களத்து நெல்லில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு வந்து வாங்கிக்கம்மா" என்றார். அன்று பகலெல்லாம் என்னைச் சல்லடையோடு உட்காரவைத்தார். சலித்ததைத் தூற்றினார். தூற்றியதை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதந்ததை வழித்துக் கொட்டினார். ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார், மறுபடியும் சலிக்கச் சொல்வார். "விதை கேட்டாங்களா, இல்ல முத்து கேட்டாங்களா?" என்று கேட்டேன். "பேசாம சலிம்மா" என்றார். எவ்வளவு சலித்தும் நெல்லின் உமியோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் போகத்தான் செய்தது.

அந்தக் கொஞ்சம் போதும். அடுத்த போகத்தில் அக்கா வயலில் மருந்துக்கு மடங்காத புல் அங்கங்கே நின்றது. அதற்கடுத்த போகத்தில் வயலே புல்லாக நின்றது. அக்காவும் மருந்து அடித்தார், கடையில் போய்ச் சத்தம் போட்டார், கடைசியில் நடு வெயிலில் தானே இறங்கிப் பிடுங்கினார். பிடுங்கித் தீரவில்லை. ஊர் பேச ஆரம்பித்தது. "ஆம்பள இல்லாத வயலு, அப்படித்தான் கெடக்கும்" என்றார்கள். "போனப் பாத்துகிட்டு உக்காந்தா புல்லு தானா செத்துருமா?" என்றார்கள். டீக்கடையில் மாமாவை வைத்துக்கொண்டே ஒருவர், "மேல் வயலு எப்படி இருக்குது, கீழ் வயலு எப்படி இருக்குது பாருங்க. எல்லாம் ஆளப் பொறுத்துதான்" என்றாராம். மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வயிறு சரியில்லை என்றார். நான் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

அக்கா வேளாண்மை அலுவலகத்துக்குப் போய் ஒரு அலுவலரைக் கையோடு கூட்டிவந்தார். சின்ன வயதுப் பெண். செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கி, புல்லைப் பிடுங்கிப் பார்த்தார். நானும் மாமாவும் வரப்பில் நின்றிருந்தோம். அலுவலர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. "ஒரே மருந்தத் திரும்பத் திரும்ப அடிச்சா, சாகறதெல்லாம் செத்துரும்க்கா. எங்கயோ ஒண்ணு ரெண்டு சாகாதது இருக்கும். அது விதை போடும். அப்புறம் வயலு முழுக்க அதோட வம்சந்தான். கடையில வேற வேற பேரு போட்டிருந்தாலும் உள்ள இருக்கறது ஒரே மருந்தா இருக்கும். நீங்க சோம்பேறின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க." பிறகு, "விதை எங்கிருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது பெரியப்பா வயலு விதைங்க மேடம். அதுல இருந்து வந்திருக்காதுங்க. அவரு வயல்ல ஒரு புல்லு பாக்க முடியாது" என்றார். அலுவலர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "உங்க வயல்ல எப்படிங்கய்யா?" மாமா, "பரவால்லீங்க" என்றார். எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய கை மட்டும் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடாமல், "அது நம்ம புல்லும்மா" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அரிவாளை, தலை அறுத்ததை, சலிக்க வைத்ததை. எனக்குக் கோபம் வரவேண்டும். வெட்கம்தான் வந்தது. எதைப் பார்த்து என் அப்பா என்னைக் கொடுத்தாரோ அந்தப் பெயர் எவ்வளவு நாளாக ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது! "அக்காகிட்ட சொல்லிருங்க மாமா" என்றேன். "எந்த மூஞ்சிய வெச்சிகிட்டும்மா சொல்றது?" என்றார். எழுபதை நெருங்கிய மனிதர் அடி வாங்கிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அவர் அக்கா வயலில் இறங்கிவிட்டார். எங்கள் ஊரில் ஆண்கள் நாற்றுப் பறிப்பார்கள், வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டுவார்கள்; குனிந்து களை எடுக்க மாட்டார்கள். அதுவும் அடுத்தவர் வயலில். சாலையில் பேருந்தே வேகம் குறைந்து போனது. அக்கா ஓடிவந்து, "பெரியப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மேல ஏறுங்க! வயசான மனுசன களை எடுக்க வுட்டுட்டு இவ வேடிக்கை பாத்தான்னு அதுக்கும் என்னத்தான் பேசுவாங்க" என்று கெஞ்சினார். அவர் தலையே தூக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். வண்டியை நிறுத்தி ஒருவர், "என்னங்க, இந்த வேலயெல்லாம் நீங்க செய்யறீங்க?" என்று கேட்டார். இப்போது சொல்லிவிடுவார் என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். மாமா பிடுங்கிய புல்லை வரப்பில் போட்டார். "சும்மா, ஒரு ஒத்தாசைக்குங்க" என்றார். அவ்வளவுதான், பொழுது சாய்வதற்குள் ஊர் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. புருஷன் ஊரில் இல்லாத வயலுக்குக் களை எடுத்துக் கொடுத்த மகராசன் என்றார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். மாமா அதன்பிறகு டீக்கடைப் பக்கமே போகவில்லை. இறந்தபோது, மாலை போட வந்தவர்களும் அதையேதான் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

இப்போது வயல் என் பொறுப்பில் இருக்கிறது. அந்த அலுவலர் சொன்னபடி ஒரு போகம் நெல்லை விட்டுவிட்டுக் கேழ்வரகோ உளுந்தோ போடுகிறேன். நடவுக்கு முன்னால் தண்ணீர் விட்டு, புல்லை முளைக்கவிட்டு, முளைத்ததை அப்படியே சேற்றில் உழுதுவிடுகிறேன். மருந்து அடித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு மாற்றி அடிக்கிறேன். எருவை நன்றாக மக்கவிடாமல் வயலுக்குக் கொண்டுபோவதில்லை. தப்பித்து நிற்பதைப் பூக்கும் முன்பே ஆள் விட்டுப் பிடுங்குகிறேன், பேருந்து போகும் நேரத்திலேயே. புல் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. மண்ணுக்குள் விதை இன்னும் இருக்கிறது, ஒவ்வொரு போகமும் கொஞ்சம் முளைக்கிறது. ஒவ்வொரு தடவையும் கீழ் வயலைப் பார்க்காமல் வேலையை முடித்துவிட்டு வருவேன்.

போன போகத்துக்கு முன்னால் அக்கா சாக்கோடு வாசலில் வந்து நின்றார். "விதை இருக்குதா கண்ணு?" என்றார். "இருக்குதுங்க்கா, ஆனா குடுக்க மாட்டேன். எங்க நெல்லுல அந்தப் புல்லு இன்னும் இருக்குது. உங்க வயலுக்கு வந்ததும் எங்க வூட்டுல இருந்துதான். மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார் அக்கா. "அன்னைக்கே தெரியும். ஒத்தாசைக்கு வந்த ஆளு அழுதுகிட்டா களை எடுப்பாரு? நீயாவது வாயத் தொறந்து சொல்றியான்னு பாக்கத்தான் சாக்கோட வந்தேன்."

"அப்பறம் ஏங்க்கா யாருகிட்டயும் சொல்லல? ஊரே உங்களத்தான பேசுச்சு?"

அக்கா சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "நான் சொல்லியிருந்தா பெரியப்பா அப்பறம் சாலைப் பக்கம் வந்திருப்பாரா? எனக்குப் பேச்சுக் கேட்டுப் பழக்கம் கண்ணு, அவருக்குப் பழக்கமில்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.