ஆளில்லாத தீவுக்குப் போனவர்

பார்க்கிங் என்ற ஊரில் நான் வேலை செய்த கடையின் செக்யூரிட்டி அவர். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த நெடிய மனிதர். இடைவேளைகளில் ஸ்கொட்லாந்துப் பக்கத்து ஆளில்லாத குட்டித் தீவொன்றின் வரைபடத்தை விரித்துவைத்துப் பார்ப்பார். வடக்கே செங்குத்துப் பாறை, நடுவில் ஒரு மேடு, ஓரமாக ஓர் ஊற்று, அவ்வளவுதான்.

ஒருநாள் கேட்டார்: "தம்பி, நீர் மன்னார்க் கடற்கரை ஆள்தானே. சின்னப் படகொண்டு பிடிச்சுப் போகப்போறன். எந்தப் பக்கம் இறங்கலாம்?"

எங்களூர்க் காற்றை நினைத்து, "கிழக்குக் கரை, அண்ணை" என்றேன். உடனே பேனாவால் வரைபடத்தில் அங்கே பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தக் கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

"ஆரும் இல்லாத இடத்துக்கு ஏன் போறியள்?"

"ஆரும் இல்லையெண்டுதான்."

அவர் லீவில் போன மூன்று நாளும் எனக்குச் சரியான தூக்கமில்லை. திங்கட்கிழமை முழுசாக வந்து நின்றார்.

"இறங்கினனீங்களோ, அண்ணை?"

"இல்லை. நீர் சொன்ன கரையில ஒராள் நிண்டவர். பாவம், தனிய இருக்க வந்திருப்பார். படகைத் திருப்பச் சொல்லிட்டன்."

"ஒரு வார்த்தை கதைச்சிருக்கலாமே?"

"அவர் கையைக் காட்டினவர்தான்" என்றுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

வரச் சொல்லிக் காட்டினாரா, போகச் சொல்லிக் காட்டினாரா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் அதைத்தான் யோசித்துக் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.