அவான்ஷ் ரோமக் குளியலகமும் போறணை கட்டிய செல்வமும்

சுவிஸில் ரோமர் காலத்துக் குளியலகம் பார்க்க என்னிடம் வழி கேட்பவர்கள் உண்டு. நான் முதலில் போனது 1987 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. உண்மையைச் சொன்னால், இடிபாடு பார்க்கப் போகவில்லை. செல்வம் அண்ணையை அறையை விட்டு வெளியே இழுக்கத்தான் போனேன்.

யாழ்ப்பாணத்தில் அவர் பேக்கரிகளுக்குப் பாண் சுடும் செங்கல் அடுப்பான போறணை கட்டியவர். சோலோதுர்னில் என்னோடு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அந்த ஞாயிறுக்கு மறுநாள் லாங்கன்தாலில், வீடுகளைச் சூடாக்கும் ஓடு பதித்த அடுப்பு கட்டும் பட்டறையில், 'மைஸ்டர்' என்று மரியாதையாக அழைக்கப்படும் தலைமைக் கைவினைஞரிடம் அவருக்கு நேர்முகம். ஜெர்மன் மொழி சரியாக வராது, போகமாட்டேன் என்று நின்றார்.

"என்ர டொச்சை வைச்சு அங்க என்னத்தைக் கதைக்கிறது? விடு தம்பி."

காலை 7.40க்கு ரயில் ஏறினோம். பேர்னிலும் கேர்ட்சேர்ஸிலும் மாற வேண்டும். பத்து மணிக்கு அவான்ஷ். நிலையத்திலிருந்து குளியலகத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட, வயல் ஓரமாக நடை. நுழைவுச்சீட்டு எதுவும் இல்லை.

முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான். முழங்கால் உயரச் செங்கல் தூண்கள், மேலே உடைந்த தரைத் துண்டு. வெளியே எரித்த நெருப்பின் சூடு அந்தத் தூண்களுக்கு நடுவே ஓடித் தரையைச் சுட வைத்திருக்கிறது. செல்வம் அண்ணை குந்தியிருந்து தூண்களுக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தார்.

அப்போது பேர்னிலிருந்து பதினைந்து பேர் கொண்ட ஒரு குழு வழிகாட்டியோடு வந்தது. வழிகாட்டிப் பெண்ணிடம் ஒருவர் கேட்டார்: "இவ்வளவு தடித்த தரை எதற்கு? மெல்லியதாகப் போட்டால் விறகு மிச்சமாகுமே?"

தெரியவில்லை என்று அவள் நேர்மையாகச் சொன்னாள். செல்வம் அண்ணை எழுந்தார். டொச்சில் தொடங்கிவிட்டார். வினைச்சொற்கள் கண்ட இடத்தில் விழுந்தன. சொன்னதன் சாரம் இதுதான்: மெல்லிய தரை விரைவில் சுடும், விரைவில் ஆறும். இது சுட இரண்டு நாளாவது எடுக்கும். பிறகு நெருப்பை அணைய விடாவிட்டால் குறைந்த விறகிலேயே சூடு நிற்கும்.

"எங்கே படித்தீர்கள்?" என்று வழிகாட்டி கேட்டாள்.

"படிக்கவில்லை. கட்டினேன்."

அவள் விலகி அவருக்கு இடம் விட்டாள். புகை சுவர் வழியே மேலேறிய விதம், நெருப்பு வைத்த வாய், எல்லாவற்றையும் இருபது நிமிடம் காட்டினார். பதினைந்து பேரும் அவர் பின்னால் நடந்தார்கள். கடைசியில் கைதட்டினார்கள்.

திரும்பும்போது ரயில் மேடையில் நின்று அண்ணை கேட்டார்: "லாங்கன்தாலுக்கு நாளைக்குக் காலமை எத்தினை மணிக்கு ரயில்?"

போகிறவர்களுக்கு: மே அல்லது செப்டெம்பர் நல்லது. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மழை பெய்தால் புல் சேறாகும், சப்பாத்து அவசியம். ஞாயிறுகளில் கடை பூட்டு; சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் விட, தெரிந்த வேலைக்காரர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். கற்கள் பேச அதுதான் வழி.

அந்த மார்கழியில், அந்தப் பட்டறை வேலையில் தான் தனியாகக் கட்டிய முதல் அடுப்பைப் பார்க்க அண்ணை என்னைக் கூப்பிட்டார். கதவைத் திறந்த வீட்டுக்காரி சொன்னாள்: "உள்ளே வாருங்கள், மைஸ்டர் அடுப்பு மூட்டுகிறார்."