கழிவு போக எண்பத்து மூன்று

என் வலது கால் இரண்டாவது விரலை ஒரு நண்டு கடித்தது. நண்டு வியாபாரியை நண்டு கடிப்பதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். இருபது வருஷமாகப் பழவேற்காட்டுக் கரையில் கொட்டகை போட்டு, ஏரியில் பிடித்து வருகிறவர்களிடம் உயிர் நண்டு வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிறேன். எத்தனையோ கொடுக்குகளைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன், ஒன்றுகூட என்னைத் தொட்டதில்லை. அன்றைக்குக் கட்டு அவிழ்ந்த ஒரு நண்டு, செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரலைப் பிடித்துக்கொண்டது. விரல் அப்படி நீட்டிக்கொண்டிருப்பதே எனக்குத் தெரியாது. நின்றபடி என் பாதத்தைப் பார்த்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. நடுவில் தொப்பை இருந்தது.

ஒரு மாதம் ஆகியும் புண் ஆறவில்லை. மஞ்சள் வைத்தேன், மருந்துக் கடைப் பவுடர் போட்டேன். கடைசியில் என் மனைவி என்னைப் பஸ்ஸில் ஏற்றிப் பொன்னேரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் சின்னப் பெண். முதலில் எடை மெஷினில் ஏறச் சொன்னார். தொண்ணூற்று நான்கு. பிறகு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை, எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது. டாக்டர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனார். சர்க்கரை, வெல்லம், பிஸ்கட், பரோட்டா கூடாது. இட்லி ரெண்டுக்கு மேல் கூடாது. சோறு ஒரு வேளை, ஒரு கப்.

"இதெல்லாம் வுட்டுட்டா நான் இன்னாத்தத்தான் துன்றது டாக்டர்?" என்றேன்.

"நண்டு வியாபாரம்தானே பண்றீங்க? மீன் சாப்பிடுங்க, நண்டு சாப்பிடுங்க. முட்டை, காய், கீரை."

பாவம், அவருக்கு எங்கள் ஊரைத் தெரியாது. எங்கள் பக்கத்தில் மீன் என்பது சோற்றை உள்ளே தள்ளுவதற்காக ஏற்பட்டது. குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு தட்டு சோறு, நன்றாக இல்லாவிட்டால் அதை மறைக்க இன்னொரு தட்டு. வெறும் மீனைத் தின்று எழுந்து போகிறவனைக் கொக்கு என்றுதான் சொல்வோம்.

"மூணு மாசத்துல பத்து கிலோ கொறையணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா வந்து காட்டணும். அலட்சியமா இருந்தீங்கன்னா அந்த விரலை எடுக்க வேண்டி வரும்" என்றார்.

திரும்பும்போது மனைவி டாக்டர் எழுதிய தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். திருப்பாலைவனத்தில் பஸ் நின்றபோதுதான் பேசினாள். "எங்க நைனாவுக்கும் வெரல்லதான் ஆரம்பிச்சது. வெரலு, அப்பால பாதம், அப்பால முட்டி வரைக்கும். கட்டையோட கட்டையா கெடந்து செத்தாரு. உன்னியும் அப்டிப் பாக்கறதுக்கு என்னால ஆவாது. சொல்லிட்டேன்."

அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாளே வீட்டில் சட்டம் அமலுக்கு வந்தது. டாக்டர் சொன்ன கப் எந்த அளவு என்பதில் சந்தேகம் இருந்ததால், அவள் டீ குடிக்கிற கண்ணாடி டம்ளரை எடுத்துவிட்டாள். அதில் சோற்றை அள்ளித் தட்டில் கவிழ்த்தால், குழந்தைகள் மண்ணில் வீடு கட்டி விளையாடுகிற அளவுக்கு ஒரு குன்று விழும். அதற்குப் பக்கத்தில் குழம்பு ஒரு ஏரி. நான் அந்தக் குன்றைப் பார்ப்பேன், அவள் என்னைப் பார்ப்பாள்.

வீடு இப்படி என்றால் வெளியே ஊர் முழுக்க டாக்டராகிவிட்டது. அரிசிதான் கூடாது, அரிசி மாவில் செய்த ஆப்பத்துக்குத் தடையில்லை என்றார் ஒருவர். கேழ்வரகுக் கூழ் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், அது இரும்பு என்றார் இன்னொருவர். நான் காலையில் இரண்டு சொம்பு இரும்பு குடித்தேன். டீக்கடை பாய் மட்டும் என் நிலைமையைக் கேட்டு உருகிப் போய், "சக்கரைய உடு அண்ணாத்த, நானு உனக்குன்னு தனியா நாட்டுச் சக்கரை போட்டுத் தர்றேன். அது உடம்புக்கு ஒண்ணியும் பண்ணாது" என்றார். எனக்கு அந்த மனிதர்மேல் அளவில்லாத மரியாதை ஏற்பட்டது. ஒரு நாளைக்கு ஐந்து டீயாக அந்த மரியாதையைக் காட்டினேன்.

இனி தராசு விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது, சொல்ல எனக்கு இஷ்டமும் இல்லை.

எங்கள் கரையில் கழிவு என்று ஒரு வழக்கம் உண்டு. நண்டு சும்மா வராது. கட்டிய கயிறு இருக்கும், முதுகில் சேறு இருக்கும், உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டும். அதையெல்லாம் வியாபாரி ஏன் வாங்க வேண்டும்? ஆகவே மொத்த எடையில் கொஞ்சம் கழித்துக்கொள்வோம். என் நைனா காலத்துக் கைத்தராசிலிருந்தே அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு கூடைக்கும் எவ்வளவு கழிப்பது என்று சண்டை வரும். காலை வேளையில் எதற்குச் சண்டை என்று, மேடை வைத்த எலெக்ட்ரானிக் தராசு வாங்கியபோது மெக்கானிக்கிடம் சொல்லி அதிலேயே எடையைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டேன். கிலோவுக்கு நூறு கிராம். அது போக, பழக்க தோஷத்தால், வாயாலும் ஒரு கழிவு சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷம் தினமும் அந்தத் தராசைப் பார்த்துப் பார்த்து, அது சொல்வதுதான் எடை என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். சிரிக்காதீர்கள். உங்களிடமும் அப்படி ஒரு தராசு இருக்கும்.

சட்டம் வந்து ஒன்பதாம் நாள், நண்டுக் கூடைகள் வருவதற்கு முன்பு, தராசு மேடையைக் கழுவித் துடைத்துவிட்டு நானே ஏறி நின்றேன். எண்பத்து ஐந்து காட்டியது.

இரண்டு தடவை இறங்கி ஏறினேன். எண்பத்து ஐந்தேதான். தொண்ணூற்று நான்கிலிருந்து எண்பத்து ஐந்து. பிறகு முறைப்படி கழிவு போட்டேன். லுங்கி ஈரம், இடுப்பில் சாவிக்கொத்து, செல்போன், அரைஞாண் கயிறு, காலையில் குடித்த கூழ். எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ. கழிவு போக எண்பத்து மூன்று. டாக்டர் மூன்று மாதத்தில் குறைக்கச் சொன்னது பத்து கிலோ. நான் ஒன்பது நாளில் பதினொன்று குறைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மெய்யாலுமே.

அந்தச் சமயம் பார்த்து, ஏரியில் கையாலேயே தடவி நண்டு பிடித்துக்கொண்டு வரும் ஒரு அம்மா கூடையோடு உள்ளே வந்தாள். பல வருஷமாக எனக்கு நண்டு கொடுக்கிறவள். இடுப்பளவு தண்ணீரில் நின்று நின்று அவள் விரல்களெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். என்னைத் தராசின் மேலே பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னாண்ணா, உன்னியே நிறுத்துக்கினு கீற?"

"பதினோரு கிலோ கொறஞ்சிட்டேன் தெரியுமா?" என்றேன்.

அவள் தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கொறையும்ணா. எங்க நண்டு கூட வூட்ல இருந்து கெளம்பும்போது நல்லா கொழுகொழுன்னுதான் இருக்குது. இதுல ஏறுனா எளச்சிப் பூடுது" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை, கூடையை இறக்கப் போய்விட்டாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைத்தது. ஆனால் உறைத்ததைத் தூக்கி ஒரு மூலையில் வைத்துவிட்டு, வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்று மனத்துக்குள் திட்டினேன். இளைத்துவிட்டேன் என்கிற சந்தோஷத்தை விட யாருக்கு மனது வரும்?

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. குறைக்க வேண்டியதைக் குறைத்தாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பொன்னேரி போவது வீண் அலைச்சலாகப் பட்டது. மனைவி கேட்டபோதெல்லாம், "அதான் எடை கொறஞ்சிடுச்சே, கம்முனு இரு" என்றேன். வீட்டில் டம்ளர் சோறு தின்றுவிட்டுக் கடைத்தெருவில் பரோட்டா தின்றேன். வெள்ளிக்கிழமை பாய் வீட்டுப் பிரியாணிக்கு, இளைத்தவன் என்ற உரிமையோடு போனேன். தராசு எப்போதாவது எண்பத்தாறு, எண்பத்தேழு என்று துள்ளினால், கழிவைக் கூட்டினேன். சட்டை கனம். மழைக்காலத்துத் துணி கனம். ஒருநாள் தலைமுடிக்கும் கால் கிலோ போட்டேன். என்ன ஏறினாலும் இறங்கினாலும் நான் எண்பத்து மூன்றிலேயே நின்றேன்.

புண் மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் வலி அடியோடு போய்விட்டது. பார், குணமாகிக்கொண்டு வருகிறது என்று மனைவியிடம் காட்டினேன். அவள் கட்டைப் பிரித்து முகர்ந்துவிட்டு, "வாசனை வருதுயா" என்றாள். நண்டுக் கொட்டகையில் இருப்பவனிடம் வேறென்ன வாசனை வரும் என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

மூன்று மாதம் முடிந்ததும் டாக்டரிடம் போனோம். பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். மெஷினில் ஏறினேன். தொண்ணூற்று ஏழு.

"இந்த மிஷினு ஜாஸ்தி காட்டுது டாக்டர்" என்றேன். "நான் தினம் பாக்கறேன். எண்பத்து மூணுதான்."

"எதுல பாத்தீங்க?"

நான் வேட்டி மடிப்பைச் சரிசெய்தேன். பன்னிரண்டு வருஷமாகக் கரையில் ஒருத்தருக்கும் சொல்லாததை இந்தச் சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? மனைவிதான் சொன்னாள். மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நண்டு நிறுக்கிற தராசுல பாத்தாரு டாக்டரம்மா. அது கிலோவுக்கு நூறு கிராம் கம்மி. இவரே வெச்சதுதான்."

டாக்டர் என்னை உட்கார வைத்தார். கட்டைப் பிரித்தார். விரல் நுனி கறுத்திருந்தது. அவர் அதை ஒரு குச்சியால் தொட்டு, "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன், அப்போதும் ஒரு பெருமையோடு. "வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

அந்த வாரமே சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். முட்டியை எடுக்காமல் விரலோடு விட்டார்கள் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. போர்வைக்குள் காலை மறைத்து வைத்துக்கொண்டு அழுதேன். நண்டு கடித்தா போனது அந்த விரல்? அந்த மூன்று மாதத்தையும் நானே அல்லவா கழிவு போட்டுத் தின்றேன்.

நான் படுக்கையில் கிடந்த நாட்களில் கொட்டகையை மனைவி பார்த்துக்கொண்டாள். முதல் வேலையாக மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தராசைச் சரிசெய்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. ஊருக்கு வந்த பிறகுதான் சொன்னாள். "கிலோன்னா கிலோதான். இஷ்டமிருந்தா வியாபாரம் பண்ணு, இல்லாங்காட்டி மூடிட்டு வூட்ல குந்து. எனக்கு நீ வோணும், அவ்ளோதான்." நான் எதிர்த்துப் பேசவில்லை. பேச எனக்கு ஒரு விரல் குறைவாக இருந்தது.

டம்ளர் சோறு இந்தத் தடவை உண்மையிலேயே டம்ளர் சோறாக இருந்தது. வெளியே ஒரு வாய் இல்லை. பாய் நாட்டுச் சர்க்கரை டப்பாவைக் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். கொக்கு மாதிரி மீனைத் தின்றேன். முதல் மாதம் யாரைப் பார்த்தாலும் கோபம் வந்தது, கனவில் பரோட்டா வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பொன்னேரிக்குப் போனேன். ஐந்து மாதம் அப்படிப் போயிற்று.

போன வாரம் ஒரு காலையில் கூடைகள் வரிசையாக இருந்தன. எல்லோரும் நின்றிருந்தார்கள். அந்த அம்மா தன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மொதல்ல நீ ஏறுண்ணா" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஏறினேன். எண்பத்து மூன்று காட்டியது.

வரிசையில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவள்தான் கொஞ்ச நேரம் எண்ணைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "லுங்கி, சாவிக்கொத்துல்லாம் கீது. ரெண்டு கிலோ கழிச்சிக்கலாமாண்ணா?" என்றாள்.

"வேணாம்மா" என்றேன். "கழிக்காத."

மேடையை விட்டு இறங்குவதற்குக் குனிந்து பார்த்தேன். தொப்பை மறைக்கவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு நின்றபடியே என் வலது பாதம் முழுசாகத் தெரிந்தது. அதில் நான்கு விரல் இருந்தது.