ரதம் தாண்டிய வாய்க்கால்

பழைய தோட்டத்தைப் பார்க்கப் போகும் காரில் நானும் அண்ணனும் இருந்தோம். அம்மா வரவில்லை, அந்தச் சாலைப் பக்கமே அவர் வருவதில்லை. தஞ்சோங் காராங் தாண்டியதும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. கண்ணாடியை ஏற்றினாலும் அந்த எண்ணெய் வாடை உள்ளே வந்துவிடும். எங்கள் தோட்டத்தின் வாடை அது. நினைத்தால் கூடவே ரத்த வாடையும் வரும்.

தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசைகள் இரண்டு: மேல் லயம், கீழ் லயம், நடுவே வாய்க்கால். மாரியம்மன் ரதம் மேல் லயத்தில் புறப்பட்டு, வாய்க்கால் பாலத்தோடு திரும்பிவிடும். கீழ் லயத்து நாங்கள் தேங்காய்த் தட்டோடு பாலத்துக்கே போய் நிற்போம். ஏன் என்று எவரும் கேட்டதில்லை. எங்கும் எழுதி வைத்திருக்கவும் இல்லை.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. எங்கள் வீட்டில் படிக்கப் போன முதல் ஆள்; தலைக்கனம் இருந்தது, மறைப்பானேன்? சமூகவியல் வகுப்பில் விரிவுரையாளர் சொன்னார்: எல்லை, சட்டம், நாடு எல்லாமே மக்கள் சேர்ந்து செய்யும் கற்பனையில்தான் நிற்கின்றன, தத்துவம் பேசியவர்கள் கண்ட இதைத்தான் நாம் ஊருக்குள் போய்த் தேடுகிறோம். எனக்குப் பாதிதான் ஏறியது. அந்தப் பாதியோடு திருவிழாவுக்கு வந்தேன்.

"அண்ணே, அந்த எல்லை வெறும் கற்பனைலா. தாண்டுனா ஒண்ணும் ஆவாது."

"ஒன் புக்குல போட்டிருக்கா?"

"போட்டிருக்குண்ணே."

மாலை நாலு மணிக்கு ரதம் பாலத்தில் நின்றது. அண்ணன் வடத்தைப் பிடித்துக் கீழ் லயத்துப் பக்கம் இழுத்தான். மேல் லயத்தில் இருந்து, வேலையாட்களை மேய்க்கும் மண்டோரின் மகன் குமார் பாய்ந்து வந்தான். தினமும் அண்ணனோடு சேர்ந்து குலை வெட்டுகிறவன்.

"கயித்த வுடுடா!"

"வந்து புடுங்கிக்கடா, மாப்ள!"

சாமிக்கு இளநீர் சீவ வைத்திருந்த பாராங் கத்தி குமார் கையில் இருந்தது. வடத்தின் மேலேயே வெட்டினான். அப்புறம் கல், கம்பு, உடைந்த தேங்காய். எவனோ குமாரின் இடது காதோரம் மண்டையை உடைத்து வாய்க்காலில் தள்ளினான், தண்ணீர் சிவந்தது. அறிவாளி நான் ரதத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

கற்பனை என்றால் இல்லாதது என்று நினைத்துவிட்டேன். அத்தனை பேரும் சேர்ந்து செய்த கற்பனைக்குக் கையும் கத்தியும் உண்டு. வகுப்பில் ஏறாமல் போன மீதிப் பாதி அதுதான்.

மருத்துவமனையில் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "ரதச் சக்கரம் பாலத்தத் தாண்டுச்சாடா?"

"தாண்டுச்சுண்ணே."

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயங்கள் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். எது மேல், எது கீழ் என்று கேட்டால் அங்கே சொல்ல ஆளில்லை. குமாருக்கு இடது காது கேட்காது. அண்ணனுக்கு வலது கையில் மூன்று விரல்கள் இல்லை.