வாட்ச் சொன்னால் இன்னொரு தோசை

போன மாதம் ஒருநாள் சாயங்காலம், என் கணவரின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்தது. சர்க்கரை இறங்கியிருக்கும் என்ற நம்பிக்கையில் வாசலிலேயே கவரைப் பிரித்தேன்.

ஏறியிருந்தது!

சரியாக அந்த நேரம் பார்த்து, அவர் கையில் இருந்த ஃபிட்னஸ் வாட்ச் 'டிர்ர்ர்' என்று அதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். இன்றைய இலக்கை முடித்துவிட்டாராம்... வாழ்த்துகளாம். அந்தக் குட்டித் திரையில் பட்டாசு வேறு வெடித்தது.

ஒரே உடம்பு. லேப் திட்டுகிறது, வாட்ச் வாழ்த்துகிறது. நான் யார் பக்கம் சேருவது?

விஷயம் இதுதான். இவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறார். மலையிலிருந்து வரும் காயின் நிறம், பருமன் பார்த்து விலை சொல்லி வாங்கி, வடக்கே அனுப்புகிற வேலை. இந்தத் தொழிலுக்கு முதல் கண்தான். அதில்தான் புரை விழுந்திருக்கிறது. ஆபரேஷன் செய்ய கண் டாக்டர் தயார். ஆனால், "மொதல்ல சுகரை இறக்கிட்டு வாங்கய்யா... அப்புறம்தான் கத்தியைத் தொடுவேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

உடனே சென்னையில் இருக்கும் மகன் வாட்ச் வாங்கி அனுப்பினான். எவ்வளவு கலோரி எரித்தோம் என்று அது காட்டுமாம். அவன் சொன்னது, "அதைப் பார்த்து நல்லா நடங்கப்பா" என்று. இவர் புரிந்துகொண்டது, 'எரித்த அளவுக்குச் சாப்பிடலாம்' என்று.

அன்றிலிருந்து ராத்திரி தட்டின் முன் உட்கார்ந்ததும் கையை நீட்டுவார். "செல்வி, இங்க பாரு... இன்னைக்கு எம்புட்டு எரிச்சிருக்கேன்னு. இன்னொரு தோசை ஊத்து."

பார்ப்பேன். உண்மையாகவே பெரிய நம்பராகத்தான் இருக்கும். ஊற்றுவேன். கம்ப்யூட்டரே சொல்லும்போது மாட்டேன் என்று சொல்ல நான் யார்?

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குடைச்சல். ஸ்கூட்டரில் கடைக்குப் போகிறார், ஸ்கூட்டரில் வருகிறார். நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இதில் எங்கே போய் எரிக்கிறார்? கேட்டேன்.

"காய் யாவாரம்னா சும்மாவா? மூளை எரியுதுல்ல!"

இருக்குமோ? மூளைக்கும் கலோரி உண்டு என்று எங்கோ படித்த ஞாபகம் எனக்கும் இருந்தது. இந்தப் பத்தியை எழுதும்போதே பசிக்கத்தானே செய்கிறது!

ரிசல்ட் வந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை, குழப்பம் இன்னும் முற்றியது. போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம். மழையில் பாதை சகதியாகி, ஜீப் பாதியிலேயே நின்றுவிட்டது. மீதிச் சரிவை நடந்தே ஏறினோம். மேடு எது பள்ளம் எது என்று இவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. வாட்ச் கட்டிய இடது கையால் என் தோளைப் பிடித்தபடியே வந்தார். எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இவர் சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும்.

மேலே போய் ஆசையாக வாட்சைப் பார்த்தால்... ஒன்றுமே இல்லை! கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் காட்டுவதைவிடக் குறைவு.

இது என்ன கூத்து? உட்கார்ந்தால் எரிகிறது, மலை ஏறினால் எரியவில்லை!

வீடு திரும்பியதும் மகனுக்குப் போன் போட்டேன்.

"ம்மா, அந்த வாட்ச் முக்கால்வாசி கை அசையுறத வச்சுத்தான் கணக்குப் போடும். அப்பா கைய உன் தோள்லயே வச்சிருந்தா அதுக்கு எப்படித் தெரியும்?"

"நாடி கூடப் பாக்கும்னியேடா?"

"பாக்கும். ஒழுங்கா இறுக்கிக் கட்டுனா பாக்கும். அப்பா வளையல் மாதிரி தொளதொளன்னுல்ல மாட்டியிருக்காரு!"

"அப்ப இத்தன நாளும் அது சொன்னது பொய்யா?"

"பொய் இல்லம்மா... அது ஒரு எஸ்டிமேட். அம்புட்டுத்தான்."

எஸ்டிமேட்டாம். நான் ஊற்றிய தோசை எஸ்டிமேட் இல்லையே!

சரி, மலையேற்றத்தின் மர்மம் விளங்கியது. நாற்காலியின் மர்மம்? மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு நானே கடைக்குப் போனேன். இவர் என்னைக் கவனிக்கவில்லை.

சாம்பிள் கவரைப் பிரித்து, இடது உள்ளங்கையில் காயைக் கொட்டினார். குலுக்கினார். டியூப் லைட்டுக்கு அடியில் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்பக் குலுக்கினார். திருப்தியில்லை. வாசல் வெயிலுக்கு வந்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, மறுபடி குலுக்கினார். கல்யாணமான புதிதிலிருந்து நான் பார்த்திருக்கிறேன்... ஒரு குலுக்கு, ஒரு பார்வை, உடனே விலை சொல்லிவிடுகிற மனிதர் இவர்.

கடையில் எடை போடும் முருகேசன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணே இப்பல்லாம் இப்படித்தான் மதினி. ஒரு சாம்பிளுக்கே கை ஓயுற மட்டும் குலுக்குறாரு. கேட்டா சங்கடப்படுவாருன்னு நானும் கண்டுக்கிறதில்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. கண் தெரியாததால் குலுக்குகிறார். குலுக்குவதால் வாட்ச் கலோரி எரிந்தது என்கிறது. எரிந்தது என்பதால் நான் தோசை ஊற்றுகிறேன். தோசையால் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரை ஏறுவதால் கண் ஆபரேஷன் தள்ளிப்போகிறது. தள்ளிப்போவதால்... இன்னும் அதிகமாகக் குலுக்குகிறார்!

சிரிக்கத்தான் நினைத்தேன். கேரியரை முருகேசனிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் காபி கொடுக்கும்போது கேட்டேன். "ஏங்க, கண்ணு அம்புட்டுக்கா மங்கிருச்சு?"

டம்ளரைக் கீழே வைத்தார்.

"வெளிய தெரிஞ்சா, காய் கொண்டாறவக அடுத்த கடைக்குப் போயிருவாக செல்வி. அதான் ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாத்துக்கிறேன்."

"ரெண்டு தடவையா?"

டம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பக்கத்திலேயே இருக்கும் என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று. பிறகு, மூன்றாவது தோசையை முறுகலாக ஊற்றிக் கொடுத்த என்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

இப்போது கடைக்குள் நுழைந்ததும் வாட்ச் மேஜை டிராயருக்குள் போய்விடுகிறது. காயின் பச்சையைப் பார்க்க முருகேசனும் பக்கத்தில் நிற்கிறார். வீட்டில் தோசை எத்தனை என்று நான் முடிவு செய்கிறேன். சாயங்காலம் முந்தல் ரோட்டில் இரண்டு பேரும் நடக்கிறோம். எதிரே வரும் ஜீப்புகளின் வெளிச்சத்தில் இவருக்குக் கண் கூசுகிறது. அதனால் தோட்டத்தில் பிடித்தது போலவே என் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறார். மகன் மனம் நோகக் கூடாதே என்று வாட்சையும் கட்டிக்கொள்கிறார். இறுக்கிக் கட்டினால் அரிக்கிறதாம். பழைய தொளதொளதான்!

இந்த வாரம் மறுபடி டெஸ்ட். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. "இப்படியே போனா அடுத்த தடவ தேதி குறிச்சிரலாம்" என்றார் கண் டாக்டர். வெளியே வந்ததும், குனிந்து வாட்சைப் பார்த்தேன். நாங்கள் கொஞ்ச நாளாகச் சரியாக நடப்பதே இல்லை என்று வருத்தப்பட்டிருந்தது.

இரண்டில் எதை நம்புவது என்று இப்போதும் எனக்குக் குழப்பம்தான்... ஆனால் நடந்தோமா இல்லையா என்று யாராவது கேட்டால், என் தோள் சொல்லும்!