வண்டியை ஓட்டியது யார்

விஜயம் மாமியைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது லேசான காரியம் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவில் நாங்கள் இருவரும் மெடிக்கல் கோடர்கள். டாக்டர் எழுதிய காயங்களுக்கும் அவை நேர்ந்த விதத்துக்கும் உரிய குறியீடுகளைப் போடுவது வேலை. பைக் விபத்து என்றால் எதில் மோதியது, அடிபட்டவர் ஓட்டியவரா பின்னால் இருந்தவரா என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. நான் மளமளவென்று போட்டுத் தள்ளுவேன். ஸ்ரீவராகம் அக்ரகாரத்திலிருந்து டிபன் டப்பாவோடு வரும் மாமி ஒரே ஃபைலைக் கட்டிக்கொண்டு அழுவார்.

அன்று செல்வகணேஷ், பொன்செல்வி என்ற தம்பதியின் ஃபைல்கள் வந்தன. கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது பைக்கின் குறுக்கே நாய் பாய்ந்திருக்கிறது. அவருக்குத் தலையில் ஆபரேஷன், நினைவு திரும்பவில்லை. அவளுக்குத் தாடை உடைந்து கம்பி கட்டியிருந்ததால் பேச முடியாது. அவர் மேல் மது வாடை என்று கேஷுவாலிட்டியில் எழுதியிருந்தார்கள். ஓட்டியது யார் என்று மட்டும் எழுதவில்லை. எழுதாவிட்டால் என்ன, புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி பின்னால் உட்காருவாள். எங்கள் பிரிவில் எல்லோரும் அப்படித்தான் போடுவோம்.

"அவர் ஸ்கூல் பஸ் டிரைவர், மஹேஷ்," என்றார் மாமி. "குடிச்சுட்டு ஓட்டினார்னு நாமளே எழுதிக் குடுத்தா லைசென்ஸ் போயிடும். அப்பறம் யார் அவருக்கு பஸ்ஸைக் குடுப்பா?"

"பின்னே யாரு ஓட்டியிருப்பா? கியர் வண்டி மாமி அது."

"தெரியலேன்னா கேக்கணும். ஊகிச்சுப் போடப்படாது."

நாங்கள் நோயாளியிடம் நேரே கேட்கக் கூடாது, டாக்டரைத்தான் கேட்கலாம். மாமி டாக்டர் ரெம்யாவுக்குக் கம்ப்யூட்டரில் கேள்வி அனுப்பினார். பதில் இல்லை. போன் செய்தார். ஓ.பி. கூட்டத்தில் டாக்டர் எரிந்து விழுந்தார். மாலையில் இந்தக் குறியீடுகளோடு போலீசுக்கு அறிக்கை போக வேண்டும். மாமி சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு வார்டு வாசலில் போய் நின்றுகொண்டார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"உங்களைக்கொண்டு நான் தோத்து, சேச்சி. வாங்க," என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லி ரெம்யா எங்களை உள்ளே கூட்டிப்போனார். கட்டிலருகே குனிந்து கேட்டார்.

"பொன்செல்வி, வண்டிய ஆரு ஓட்டினது?"

பொன்செல்வியின் இடது கையில் மாவுக்கட்டு. வலது கையை மெல்லத் தூக்கினாள். விரல்களை மடக்கி மணிக்கட்டை முறுக்கினாள். போர்வைக்குள் இடது கால் கியரை மிதித்தது. பிறகு விரல்கள் பிரேக்கை இறுக்கின, வலது பாதமும் அழுந்தியது. நாய் வந்த இடம் அது. அப்புறம் புருஷன் இருந்த ஐ.சி.யூ. பக்கம் கையைக் காட்டி, தன் முதுகுக்குப் பின்னால் மெத்தையைத் தட்டினாள். கண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

ரெம்யா நின்றபடியே ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாமி போர்வையோடு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதே கொழந்தே. அவர் பின்னாடிதான் இருந்தார்னு எழுதியாச்சு. எழுந்து வந்தா பஸ் ஓட்டலாம்."