அவசரமாக ஒரு பலாமரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு எனக்கு அவசரமாக ஒரு பலாமரம் தேவைப்பட்டது. அதுவும் கொஞ்சம் வயதான பலாமரம்.

ஏன் என்கிறீர்களா? அவமானம்தான், இருந்தாலும் சொல்கிறேன். வாராவாரம் இங்கே வந்து என் மானத்தை நானே ஏலம் விடுவது உங்களுக்குப் பழகிப்போன விஷயம்தானே!

எங்கள் வீட்டில் முகிலன் என்று ஒருவன் இருக்கிறான். என் மகன். நாலரை வயது. சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வான். திருச்சி கே.கே. நகரில் எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை காக்கைகளையும் நாய்களையும் காட்டிப் பார்த்தாயிற்று. நிலாவைக் காட்டினால், "அதுக்கே ஊட்டு" என்கிறான். கடைசியில் வேலை செய்தது ஒன்றே ஒன்று. நான்.

அதாவது, என் வீரக்கதை.

காலேஜ் படிக்கும்போது நான் பச்சைமலைக்கு கேம்ப் போனேன். அங்கே மரவள்ளிக் காட்டுக்குள் ஒரு காட்டுப்பன்றி என்னைத் துரத்தியது. ஒரு பலாமரத்தில் தாவி ஏறினேன். பன்றி கீழேயே நின்றது. நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்... பிறகு கீழே குதித்து, ஒரு குச்சியை எடுத்துத் தரையில் மூன்று தடவை ஓங்கி அடித்து, "போடா அந்தப் பக்கம்!" என்று ஒரு அதட்டல். பன்றி எடுத்தது ஓட்டம்!

ஏறும்போது ஒரு உருண்டை. குதிக்கும்போது ஒரு உருண்டை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு உருண்டை. தயிர்சாதம் தீரும்வரை பன்றி நகராது. கீரைசாதம் என்றால் இரண்டு பன்றி.

சரி, உண்மை என்ன? காலேஜில் பச்சைமலைக்கு கேம்ப் போனார்கள். போனார்கள் — நான் போகவில்லை. அந்த வாரம் எனக்குப் பொன்னுக்குவீங்கி. இரண்டு கன்னமும் பூரி மாதிரி உப்பிப்போய், கழுத்தில் அம்மாவின் தங்கச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்துக் கிடந்தேன். பன்றி துரத்தியது என் நண்பன் ஒருவனை. அவனும் மரத்தில் ஏறி அழுததோடு சரி. குச்சி, அதட்டல் எல்லாம் என் சொந்தச் சரக்கு.

இந்த ரகசியம் என் மனைவி வித்யாவுக்கு மட்டும் தெரியும். வித்யா ஸ்ரீரங்கத்துப் பெண். கணக்கு டீச்சர். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் வீட்டில் ஒரு பொய் எத்தனை நாள் தாங்கும், சொல்லுங்கள்?

அவள்தான் ஆரம்பித்தாள். "என்னங்க, பசங்க நிஜ மலையையே பார்த்ததில்ல. மலைக்கோட்டைதான் மலைன்னு நெனச்சிட்டிருக்காங்க. ஒரு நாள் பச்சைமலைக்குக் கூட்டிட்டுப் போங்களேன்... உங்களுக்குத்தான் அங்க எல்லா எடமும் தெரியுமே!"

நான் மறுப்பதற்குள் முகிலன் சோபாவில் ஏறிக் குதிக்க ஆரம்பித்துவிட்டான். "அப்பா மரம்! அப்பா ஏறின மரத்தைப் பாக்கப் போறோம்!"

ஞாயிறு காலை மன்னார்புரம் தாண்டுவதற்குள் காரின் பின் சீட்டில் சண்டை. பெரியவள் யாழினி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அம்மாவின் அச்சு.

"டேய், அப்பா சும்மா சொல்றாங்கடா. கரப்பான்பூச்சி வந்தா கட்டில் மேல ஏறுறவங்க, பன்னியை விரட்டினாங்களா?"

"எங்கப்பா விரட்டினாங்க!"

"உங்கப்பாதான்டா எனக்கும் அப்பா. எனக்குத் தெரியாதா?"

"மரம் இருக்கு!"

"காட்டட்டும். காட்டினா நம்புறேன்."

"காட்டுவாங்க!" என்று கத்திய முகிலன், கொஞ்சம் நிறுத்தி, சின்னக் குரலில் கேட்டான். "காட்டுவீங்கல்லப்பா?"

கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. ஆபீசில் நான் சொல்வதை ஒருவரும் நம்புவதில்லை. வீட்டில் கடிகாரம்கூட என்னைக் கேட்டு ஓடுவதில்லை. இந்த உலகத்தில் என்னை முழுசாக நம்புகிற ஒரே ஜீவன் பின் சீட்டில் பெல்ட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதையும் இன்று மதியத்துக்குள் இழக்கப் போகிறேன்!

துறையூர் தாண்டி மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் "இங்கயாப்பா?" என்றான். ஒவ்வொரு வளைவிலும் "இன்னும் மேல" என்றேன். மலைக்கு ஒரு உச்சி இருக்கிறது என்பதே எனக்கு அப்போது கெட்ட செய்தியாகப் பட்டது.

மேலே போனால் வேறு பிரச்சினை. பலாமரமே இல்லாமல் போயிருந்தால், 'வெட்டிட்டாங்கப்பா' என்று தப்பித்திருப்பேன். அங்கேயோ திரும்பின பக்கமெல்லாம் பலாமரம்! மரவள்ளிக் காட்டை ஒட்டி, ஒரு வீட்டுக்கு முன்னால் நின்ற மரத்தைப் பார்த்தேன். அடிமரத்திலேயே பிஞ்சும் காயுமாகத் தொங்கின. ஏறுவதற்குத் தோதாகக் கிளைகளும் இருந்தன. காரை நிறுத்தி, இறங்கி, இடுப்பில் கை வைத்து, நீண்ட பெருமூச்சு ஒன்று விட்டேன்.

"இதுதான்."

முகிலன் ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டான். யாழினி நம்பவில்லை. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வித்யா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டுக்காரம்மா வெளியே வந்தார். பொன்னம்மா என்று பெயர். நாற்பது வயதிருக்கும். "வாங்க சார், வாங்கம்மா. மரத்தைப் பாக்குறீங்களா? நல்லா காய்க்கும் சார். என் சின்னப் பொண்ணு பொறந்தப்போ வெச்ச மரம். அவ இப்ப ஆறாவது படிக்கிறா."

யாழினி விரல் விட்டு எண்ணினாள். "ஆறாவதுன்னா பதினொரு வயசு. அப்பா... நீங்க காலேஜ் முடிச்சு இருபது வருஷம் ஆச்சுன்னு சொன்னீங்கல்ல?"

கணக்கு டீச்சர் பெற்ற பெண்!

முகிலன் மரத்திலிருந்து கையை எடுத்தான். என்னைப் பார்த்தான். கீழுதடு லேசாகத் துடித்தது. நாலரை வயதில் கூட்டல் கழித்தல் தெரியாது. ஆனால் அக்கா ஜெயித்துவிட்டாள் என்பது தெரியும்.

"அது வந்து... யாழினி... அந்தக் காலத்து மரம் வந்து..." என்று நான் வார்த்தைக்கு அலைந்துகொண்டிருக்க, வித்யா பேச்சை மாற்றினாள். எனக்காக அல்ல, அவனுக்காக. "இங்க இப்பவும் காட்டுப்பன்னி வருதாங்க?"

"வராமயா? நேத்துகூட வந்து அந்தக் கோடியில கெழங்கைத் தோண்டிப் போட்டுட்டுப் போயிருக்கு" என்றபடி பொன்னம்மா உள்ளே தண்ணீர் எடுக்கப் போனார்.

அவர் தலை மறைந்தது. மரவள்ளிக் காட்டுக்குள் சரசரவென்று ஒரு சத்தம்.

செடிகள் ஆள் உயரம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சத்தம் எங்களை நோக்கி வந்தது. ஒரு செடி படாரென்று சாய்ந்தது.

அடுத்து நடந்தது எனக்கே சரியாக ஞாபகமில்லை. ஞாபகம் வந்தபோது உலகம் கொஞ்சம் கீழே இருந்தது. முழங்கை எரிந்தது. சட்டையெல்லாம் பலாப்பால் பிசுபிசுத்தது.

ஆமாம். மரத்தில் இருந்தேன்.

கீழே வித்யா யாழினியை இழுத்து அணைத்துக்கொண்டு நின்றாள். அவர்களுக்கு முன்னால், இரண்டடி தள்ளி, கையில் ஒரு காய்ந்த மரவள்ளிக் குச்சியோடு... முகிலன்!

"முகில், பின்னால வா!" என்று வித்யா எட்டிப் பிடிப்பதற்குள் தரையில் அடித்தான். தட்! தட்! தட்!

"போடா அந்தப் பக்கம்!"

காட்டுக்குள்ளிருந்து தலை நீட்டியது ஒரு வெள்ளாடு. வாயில் பாதி இலை. முகிலனைப் பார்த்தது, குச்சியைப் பார்த்தது, இலையைத் துப்பிவிட்டு வேலிப் பக்கம் ஓடியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த பொன்னம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ, அவுத்துக்கிட்டு வந்துருச்சா! மரவள்ளி எலைய நெறையத் தின்னா வயிறு ஊதிச் செத்துப்போயிரும்மா. நல்ல வேளை, தம்பி வெரட்டுச்சு. ஏஞ்சாமி, நீ இல்லன்னா என் ஆடு இன்னிக்குப் போயிருக்கும்!" பிறகு அண்ணாந்து பார்த்தார். "சார்... பிஞ்சு மேல கால் வெச்சிருக்கீங்க."

"நல்லாத்தான் ஏறுறீங்க" என்றாள் வித்யா. அவள் குரலில் சிரிப்பு இல்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. இருந்த மூன்று பேரையும் கீழே விட்டுவிட்டு ஏறியிருக்கிறேன். இதை எந்த உருண்டைக்குள் வைத்து ஊட்டுவது?

முகிலன் மெதுவாகத் தலையை உயர்த்தினான். என்னைக் கண்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா! அக்கா, அங்க பாரு! அப்பா ஏறிட்டாங்க! நான் சொன்னேன்ல... இதே மரம்தான்!"

கண்ணைத் திறந்தேன். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். யாழினி என்னைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு தெரியும், விடையும் தெரியும். வாயைத் திறந்தாள்... மூடினாள்.

"ஆமாடா" என்றாள். "இதே மரம்தான்."

அப்புறம் என்னைப் பார்த்து, "இடது காலை முதல்ல கீழ விடுங்கப்பா. பாத்து" என்றாள். அவள் சொல்லச் சொல்ல இறங்கினேன். ஏறியதற்கு ஒரு நொடி, இறங்குவதற்குக் கால் மணி நேரம்.

பொன்னம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்து, உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். முகிலன் கதை கேட்கவில்லை. ஊட்டச் சொல்லவில்லை. மூன்று துண்டுகளைத் தானே எடுத்துச் சாப்பிட்டான். விரட்டிவிட்டு வந்தவனுக்குப் பசிக்காதா?

திரும்பி வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். ஒரு வாய் சோறு உள்ளே போகட்டும் என்று நாம் எதையாவது அளந்துவிடுகிறோம். அளந்ததோடு மறந்தும் போகிறோம். அந்தப் பொடியன்கள் அதை மென்று, விழுங்கி, அந்த ஆளாகவே ஆகித் தொலைக்கிறார்கள். மரம் ஏறுகிற பாதி எனக்கு வாய்த்தது. விரட்டுகிற பாதி அவனுக்கு.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரம். சுரைக்காய்க் கூட்டு. எனக்கு ஜென்மத்துக்கும் ஆகாது. தட்டைத் தள்ளி வைத்தேன். முகிலன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சின்னக் கையால் ஒரு உருண்டை பிசைந்தான்.

"வாயைத் திறங்கப்பா. ஒரு காட்டுல பெரிய ஆடு வந்துச்சாம். பன்னி மாதிரி பெருசு."

திறந்தேன்.

"நான் குச்சி எடுத்தேனாம். அப்பா ஓடலையாம். எங்க இருக்குன்னு பாக்கறதுக்கு மரத்துல ஏறினாங்களாம். அப்பா மேலருந்து பாத்துக்கிட்டதால எனக்குப் பயமே இல்லையாம்..."

எதிரே யாழினி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. வித்யா இன்னொரு கரண்டி கூட்டு வைத்தாள்.

நாலாவது உருண்டைக்கு நானே வாயைத் திறந்தேன் — பின்னே, அடுத்து நான் என்ன செய்தேன் என்று எனக்கும் தெரிய வேண்டாமா?